மரத்தின் தோல்

சாலையோரப் புளிய மரங்களுள் சில, அடிமரம் முழுதும் பொந்தாகிக் குடைந்து போயிருக்கும். ஆயினும் அவை ஆண்டுதோறும் தழைத்துக் காய்க்கின்றன. உள்ளே சிறிதும் பழுதில்லாத மரமொன்றிலோ, சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையை உரித்துவிட்டால், அது பெரும்பாலும் பட்டுப்போகிறது. இதன் காரணம் யாது?

பட்டை இரு பகுதிகளைக் கொண்டது. நாம் தொட்டுணரும் கரடான புறப்பட்டை இறந்த உயிரணுக்களால் ஆயது. அவற்றின் சுவர்களில் மெழுகை ஒத்த பொருள் படிந்திருப்பதால் நீர் எளிதில் ஊடுருவாது. வெப்பமும் விரைந்து செல்லாது. புட்டிகளை அடைக்கும் தக்கை, ஓக் இன மரமொன்றின் புறப்பட்டையே. அதன் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் கண்ட ராபர்ட் ஹூக், 1665-இல் 'செல்' என்னும் பெயரை வழங்கினார். பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள் பூச்சிகளையும் பூஞ்சைகளையும் தடுக்கும். நம் நாட்டில் ஆவாரம்பட்டையைக் கொண்டு தோல் பதனிட்டதும் இத்துவர்ப்பினாலேயே. மரம் பருக்கும்போது இறந்த பட்டை விரிந்து கொடாது. ஆகவே அது வேம்பில் வெடிக்கிறது. கொய்யாவில் ஏடு ஏடாக உரிகிறது.

புறப்பட்டைக்கு உள்ளே இருப்பது உயிருள்ள உட்பட்டை. இலைகள் ஆக்கிய உணவு இதன் வழியே வேருக்கு இறங்குகிறது. உட்பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்னும் மெல்லிய வளர்படலம் உண்டு. உட்புறம் கட்டையையும் வெளிப்புறம் உட்பட்டையையும் ஆக்குவது இதுவே. நடுவிலுள்ள வைரமோ உயிரற்றது. அது அழிந்தாலும் மரம் வாழும்.

17-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் மால்பீகி, பட்டையை வளையமாக நீக்கிப் பார்த்தார். வளையத்துக்கு மேற்புறம் வீங்கிற்று. கீழிறங்க வழியற்ற உணவு அங்கே தேங்கியதே காரணம். நீர் கட்டையின் வழியே ஏறுவதால், இலைகள் சில காலம் பசுமையாகவே இருக்கும். வேரோ பட்டினி கிடக்கும். சேமிப்புத் தீர்ந்ததும் வேர் மடியும். பின்னர் மரமும் மடியும். இம்முடிவு மெல்ல வருவதால், பட்டையை உரித்த கையை எவரும் நினைப்பதில்லை.

"தென்னையில் ஏறுவதற்குப் படி வெட்டுகிறார்களே, அது சாகவில்லையே?" என்று நீங்கள் வினவலாம். தென்னையிலும் பனையிலும் உணவுக் குழாய்கள் தண்டெங்கும் சிதறிக் கிடக்கின்றன. மற்ற மரங்களுள் பெரும்பாலானவற்றுக்கு அந்த வசதி இல்லை.

காயமுற்ற இடத்தை மரம் ஓரங்களிலிருந்து மெல்ல மெல்லவே மூடும். அதற்குள் பூஞ்சை புகுந்துவிடலாம். விளம்பரப் பலகைக்காக அடிக்கும் ஒவ்வோர் ஆணியும் அதற்குத் திறந்த வாயில். இறுகக் கட்டிய கம்பியோ, மரம் பருக்கப் பருக்க உட்பட்டையை நெரித்து, உரித்த வளையத்தின் வேலையையே செய்கிறது. உங்கள் பள்ளியின் மரங்களில் அத்தகைய கம்பி உண்டா என்று பாருங்கள். இருப்பின், ஆசிரியரிடம் கூறி இன்றே அவிழ்க்கச் செய்யுங்கள்.