உரோமையில் எங்கே தங்குவது?

உரோமைக்கு ஒருமுறையேனும் சென்று, திருத்தூதர்களின் கல்லறைகளருகே முழந்தாளிட்டுச் செபிக்க வேண்டும் என்னும் ஆவல் இல்லாத கத்தோலிக்க இல்லம் அரிது. பிள்ளைகள் தலையெடுத்து, கடன்கள் தீர்ந்து, பணி ஓய்வுத் தொகையில் ஒரு பகுதி கைக்கு வரும் நாளில் அவ்வாவல் திட்டமாக உருவெடுக்கிறது. விமானக் கட்டணம் பற்றியும் விசா பற்றியும் எல்லாரும் விசாரிக்கின்றனர். ஆனால், அந்நகரில் ஐந்தாறு இரவுகள் எங்கே தலைசாய்ப்பது என்னும் கேள்வி கடைசியாகவே எழுகிறது. எவரோ சொன்ன மலிவான விடுதியோடு முடிந்தும் விடுகிறது. இது சிறிய காரியமன்று. வாழ்நாள் சேமிப்பைச் செலவிட்டுச் சென்ற முதியவர் ஒருவர், மூன்றாம் நாளிலேயே முழங்கால் வீங்கி அறையில் படுத்துக் கிடக்க நேரிடுவதற்கும், அதிகாலையில் அமைதியாகத் திருப்பலி கண்டு திரும்புவதற்கும் இடையேயுள்ள வேறுபாடு பல வேளைகளில் தங்குமிடத்தைப் பொறுத்ததே.

இக்கேள்வி புதியதுமன்று. எட்டாம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் சாக்சன் இனத்தார் தம் நாட்டுத் திருப்பயணிகளுக்கென்று புனித இராயப்பர் பேராலயத்தின் அருகே ஒரு குடியிருப்பை அமைத்திருந்தனர். அவ்விடத்திலேயே 1198-இல் பாப்பரசர் மூன்றாம் இன்னொசென்சியுஸ் தூய ஆவி மருத்துவமனையை நிறுவினார். 1300-இல் எட்டாம் போனிபாஸ் முதல் யூபிலி ஆண்டை அறிவித்தபின், வந்து குவிந்த மக்களுக்கு இடம் தேடுவதே நகரின் பெருங்கவலையாயிற்று. 1362-இல் ஆங்கிலேயத் திருப்பயணிகளுக்கென்று திறக்கப்பட்ட சத்திரமே பின்னாளில் ஆங்கிலக் குருமடமாக மாறி இன்றும் நிற்கிறது. 1548-இல் புனித பிலிப்பு நேரி தொடங்கிய மூவொரு இறைவன் சகோதர சபை, 1550-ஆம் யூபிலியின்போது வீதியில் களைத்து நின்ற ஏழைப் பயணிகளை அழைத்துச் சென்று உணவும் படுக்கையும் தந்தது. அவர்களின் பாதங்களையும் கழுவியது. இன்று உரோமையில் கன்னியர் மடங்கள் நடத்தும் விருந்தினர் இல்லங்கள் இந்த மரபின் வழிவந்தவையே.

இனி, நகரின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். நம்மவருள் பெரும்பாலோர் 'வத்திக்கானுக்குப் பக்கத்தில் வேண்டும்' என்றே கேட்கின்றனர். இயல்பான ஆசைதான். எனினும், புனித இராயப்பர் பேராலயம் தைபர் ஆற்றின் மேற்கே நகரின் ஓர் ஓரத்தில் இருக்கிறது. மற்ற மூன்று பெரும் பேராலயங்களான மரியன்னை பேராலயம், இலாத்தரன் புனித அருளப்பர் பேராலயம், மதிலுக்கு வெளியேயுள்ள புனித சின்னப்பர் பேராலயம் ஆகியவை கிழக்கிலும் தெற்கிலும் உள்ளன. கொலோசெயமும் அப்பக்கமே. ஆகவே, எவ்வளவு செலவிடலாம் என்பதற்கு முன்பு, எங்கெங்கே எத்தனை முறை செல்லப் போகிறோம், உடன் வருவோர் எவ்வளவு தொலைவு நடக்க வல்லவர் என்னும் கேள்விகளுக்கு விடை காண வேண்டும். பணப்பைக்கு முன் கால்களைக் கேட்பது நல்லது. பழைய வீதிகளில் பலவற்றில் கருங்கல் துண்டுகள் பதிக்கப்பட்டுள்ளன. சக்கரம் வைத்த பெட்டிக்கும் முதியோரின் கணுக்காலுக்கும் அவை பெருந்தொல்லை.

வத்திக்கானையொட்டிய பகுதி போர்கோ எனப்படும். அதற்கு வடக்கேயுள்ளது பிராத்தி. அகன்ற சாலைகளும் சமதரையும் அமைந்த அமைதியான குடியிருப்பு. இப்பகுதிகளில் வாடகை கூடுதல். பேராலயத்தின் அருகேயுள்ள உணவகங்களிலும் அவ்வாறே. அப்படியானால் இங்கே தங்குவதால் என்ன பயன்? காலைப் பொழுதுதான். பேராலயம் காலை 7 மணிக்குத் திறக்கப்படுகிறது. அவ்வேளையில் நடந்தே உள்ளே சென்றுவிடுவோருக்கு, பிற்பகலில் கூட்டத்தோடு நகர்ந்து செல்வோர் அறியாத ஒரு பேராலயம் கிடைக்கிறது. 2021 வரை சிறு பீடங்களில் பல மொழிகளில் திருப்பலி நடைபெற்று வந்தது. காலடி ஓசை கேட்குமளவு நிசப்தம் நிலவும். புதன்கிழமைகளில் திருத்தந்தையின் பொதுச் சந்திப்புக்கும், புனிதர் பட்டமளிப்பு போன்ற பெருவிழாக்களுக்கும் விடியுமுன்னரே வரிசை நீளும். 2022 மே 15 அன்று மறைசாட்சி தேவசகாயம் புனிதராக உயர்த்தப்பட்டதைப் போன்ற ஒரு நாளுக்கென்றே செல்பவர், அதற்கு முந்திய ஓர் இரவாவது இப்பகுதியில் தங்குவதற்குக் கூடுதல் தொகை கொடுப்பது தகும்.

ஆனால், நான்கு பேராலயங்களையும் தரிசிக்க விழையும் நடுத்தரக் குடும்பத்துக்கு, தெர்மினி இரயில் நிலையத்தின் சுற்றுப்புறமே வசதியானது என்பது நம் கருத்து. இதைக் கேட்டதும் சிலர் முகம் சுளிப்பர். நிலையத்தை ஒட்டிய சில தெருக்கள் இரவில் அத்துணை இனிமையானவை அல்ல என்பது உண்மையே. அங்கிருந்து வத்திக்கான் செல்லும் 64-ஆம் எண் பேருந்து சேப்படித் திருடர்களுக்குப் பெயர்போனது. எனினும், உரோமையின் இரு முதன்மைச் சுரங்க இரயில் பாதைகளும் சந்திக்குமிடம் தெர்மினியே. 'ஏ' பாதையில் ஆறாவது நிறுத்தமான ஒத்தவியானோவில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் புனித இராயப்பர் சதுக்கம். அதே பாதையில் எதிர்ப்புறம் மூன்றாவது நிறுத்தத்தில் இலாத்தரன். 'பி' பாதையில் ஆறாவது நிறுத்தம் புனித சின்னப்பர் பேராலயம். மரியன்னை பேராலயத்துக்கோ நடந்தே சென்றுவிடலாம். 2025 ஏப்ரல் 26 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அடக்கம் செய்யப்பட்டது அங்கேதான். தம் வெளிநாட்டுப் பயணங்களுக்கு முன்னும் பின்னும் அவர் செபித்து வந்த அன்னையின் திருப்படத்துக்கு அருகிலேயே, 'பிரான்சிஸ்குஸ்' என்னும் பெயர் மட்டும் பொறிக்கப்பட்ட எளிய கல்லறையில் அவர் துயில்கொள்கிறார். இப்பேராலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் இடம் கிடைத்தால் நிலையத்தின் சந்தடியும் குறையும்.

திராஸ்தேவெரே பகுதி அழகியது. ஆனால் உணவகங்களின் ஆரவாரம் நள்ளிரவைத் தாண்டும். சுரங்க இரயிலும் அங்கில்லை. அவெந்தினோ குன்று அமைதியானது, விலையும் உயர்ந்தது. ஜனிக்கோலோ குன்றின் சரிவுகளிலும், வத்திக்கானுக்குத் தெற்கிலும் மேற்கிலும் துறவற இல்லங்கள் பல உள்ளன. வரைபடத்தில் அவை பேராலயத்துக்கு மிக அருகே தோன்றும். வரைபடம் ஏற்றத்தைக் காட்டுவதில்லை.

துறவற இல்லங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; நம் குடும்பங்களுக்கு முதலில் பரிந்துரைக்கத்தக்கவை இவையே. இத்தாலியச் சட்டம் இவ்வகை இல்லங்களைக் 'காசா பெர் ஃபெரியே' என்று வகைப்படுத்துகிறது. இப்பெயரைக் கொண்டே தேடலாம். அறை எளிமையாயிருக்கும். இரு ஒற்றைக் கட்டில்கள், ஒரு மேசை, சுவரில் பாடுபட்ட சுரூபம், தூய்மையான குளியலறை. காலையில் ரொட்டியும் காப்பியும் உண்டு. சில இல்லங்களில் முன்கூட்டியே சொன்னால் இரவு உணவும் கிடைக்கும். சிற்றாலயத்தில் சகோதரியரோடு திருப்பலியிலும் செபத்திலும் பங்குகொள்ளலாம். பெரிய விடுதிகள் எவ்வளவு பணம் கொடுத்தாலும் தர இயலாத பேறு இது. நள்ளிரவில் தாழ்வாரத்தில் கூச்சல் எழாது. தனியே வந்த பெண்ணும், குழந்தையோடு வந்த தாயும் அச்சமின்றி உறங்கலாம்.

அதே வேளையில், இவை தங்கும் விடுதிகள் அல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும். பல இல்லங்களில் இரவு 11 மணியளவில் வாயிற்கதவு அடைக்கப்படும். குளிர்சாதன வசதி எல்லாவற்றிலும் இராது. சில இல்லங்கள் ரொக்கப் பணமே பெறுகின்றன. கட்டணமும் எப்போதும் மிகக் குறைவு என்று எண்ணிவிடலாகாது. பியாஸ்ஸா பார்னேசே சதுக்கத்தில், 1373-இல் புனித பிரிஜித்தா உயிர்நீத்த வீட்டிலேயே அவர் பெயரிலான சபைச் சகோதரியர் விருந்தினர் இல்லம் நடத்துகின்றனர். நகரின் நடுவே, அத்தகைய புனிதமான இடத்தில் வாடகை அதற்கேற்பவே இருக்கும். நடுவிலிருந்து சற்று விலகிய இல்லங்களில் அதே எளிமை குறைந்த செலவில் கிடைக்கிறது. இன்னொரு எச்சரிக்கை: புனிதரின் பெயரைத் தாங்கிய விடுதி எல்லாம் மடம் அன்று. பழைய மடக்கட்டிடங்கள் சில, வாணிப நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டு விடுதிகளாக நடைபெறுகின்றன. அது தவறன்று, ஆனால் மடத்தை எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாறக் கூடாது. நம் ஊரில் பள்ளியோ மருத்துவமனையோ நடத்தும் சபைகளுள் பலவற்றுக்கு உரோமையில் இல்லம் உண்டு. இந்தியச் சகோதரியர் பணிபுரியும் மடங்களும் அங்குக் குறைவல்ல. ஆகவே, கணினியைத் திறக்குமுன் பக்கத்து மடத்துத் தலைமைச் சகோதரியைக் கண்டு கேட்பது சிறந்த வழி.

இதனினும் குறைந்த செலவில் தங்க விரும்பும் இளைஞர்களுக்குப் பலர் ஒரே அறையில் படுக்கும் விடுதிகள் தெர்மினி பக்கம் நிறைய உண்டு. குடும்பங்களுக்கு இவை ஒவ்வா. நகரின் வெளியே மலிவான அறை கிடைப்பதும் உண்மை. ஆனால் அம்மலிவைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். நகரப் பேருந்து, சுரங்க இரயில் சீட்டு ஒன்றரை யூரோ. 100 நிமிடம் செல்லும். நால்வர் நாளுக்கு ஒருமுறை சென்றுவந்தால் 12 யூரோ, ஐந்து நாளுக்கு 60. நண்பகலில் முதியவரை ஓய்வுக்கு அழைத்து வந்து மாலையில் மீண்டும் செல்வதாயின் அது இரட்டிப்பாகும். அல்லது, ஓய்வே இல்லாமற் போகும். பின்னதே பெரும்பாலும் நடக்கிறது.

குழுப் பயணங்களில் செல்வோர் இதைக் கூர்ந்து கவனித்தல் வேண்டும். பயணத் திட்டத்தில் 'உரோமையில் தங்கல்' என்றிருக்கும். விடுதியோ, ஏறக்குறைய 68 கிலோமீட்டர் சுற்றளவுடைய வட்டச் சாலைக்கும் அப்பால் இருக்கக்கூடும். பேருந்து கொண்டுபோய்விட்ட நேரம் தவிர, மற்ற வேளைகளில் அங்கிருந்து எங்கும் நடந்து செல்ல வழியில்லை. முன்பணம் கட்டுமுன் விடுதியின் பெயரையும் முகவரியையும் எழுத்தில் கேட்பது பயணியின் உரிமை. தயங்குகிற நிறுவனத்திடம் நாமும் தயங்குவோமாக.

அறை வாடகையோடு நகராட்சி வரியும் உண்டு என்பது பலருக்கு அங்குச் சென்றபின்னரே தெரிகிறது. விடுதியின் தரத்துக்கேற்ப ஆளொன்றுக்கு, இரவொன்றுக்கு 4 முதல் 10 யூரோ வரை இது வசூலிக்கப்படுகிறது. 10 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு விலக்கு. மூன்று நட்சத்திர விடுதியில் வரி 6 யூரோ; நால்வர் ஐந்து இரவு தங்கினால் வரி மட்டுமே 120 யூரோ! துறவற இல்லங்களிலும் வரி உண்டு. தனியார் வீடுகளில் அறை எடுப்போர், 2025 முதல் இத்தாலியில் கட்டாயமாக்கப்பட்டுள்ள தேசிய அடையாள எண் விளம்பரத்தில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். அவ்வெண் இல்லாத வீட்டுக்கு முன்பணம் அனுப்புதல் அறிவுடைமையன்று. பழைய கட்டிடங்களின் நான்காம், ஐந்தாம் மாடிகளில் இவ்வறைகள் அமைந்திருப்பது வழக்கம். லிப்ட் உண்டா, அதில் எத்தனை பேர் நிற்கலாம் என்று கேட்பதில் வெட்கமில்லை. எங்கே தங்கினாலும் ஒவ்வொருவரின் கடவுச்சீட்டையும் காட்டிப் பதிவு செய்தாக வேண்டும்.

குடிநீருக்குச் செலவு வேண்டாம். 1874 முதல் நிறுவப்பட்டு வரும் சிறு தெருக்குழாய்கள் நகரெங்கும் ஏறத்தாழ 2500 உள்ளன. நல்ல குளிர்ந்த நீர் இடையறாது ஓடும்.

காசில்லாதவனுக்கு இந்நகரில் இடமுண்டா என்றும் கேட்கலாம். 1783-இல் இங்கு மரித்த புனித பெனடிக்ட் ஜோசப் லாபர், கொலோசெயத்தின் இடிபாடுகளுக்கிடையே இரவுகளைக் கழித்த யாத்திரிகர். அவருடைய கல்லறை மோந்தி பகுதியின் மரியன்னை ஆலயத்தில் உள்ளது. 1988-இல் அன்னை தெரேசாவின் சகோதரியருக்கென வத்திக்கான் எல்லைக்குள்ளேயே ஏழைகளுக்கான இல்லம் ஒன்று திறக்கப்பட்டது. 2019-இல் பேராலயத் தூண் வரிசையை அடுத்த பால்மாளிகை ஒன்று, திருத்தந்தை பிரான்சிஸின் விருப்பப்படி வீடற்றோர் உறங்கும் இல்லமாயிற்று. விலையுயர்ந்த விடுதியாகக்கூடிய கட்டிடம் அது. போர்கோவில் அறை கிடைக்காதவர் அதைக் கடந்து செல்கையில் சற்று நின்று பார்க்கலாம்.

காலத்தையும் எண்ண வேண்டும். உயிர்த்த ஞாயிறு வாரத்திலும், இளவேனில், இலையுதிர் காலங்களிலும் வாடகை உயரும். சூலை, ஆகஸ்டு மாதங்களில் வெயில் கடுமை. சூலையில் புதன்கிழமைப் பொதுச் சந்திப்பும் வழக்கமாக நடைபெறுவதில்லை. கிறிஸ்து பிறப்பு விழாக் காலம் நீங்கலாக, நவம்பர் முதல் பிப்ரவரி வரை செலவு குறைவு. குளிருக்கு ஆடை இருந்தால் நம் குடும்பங்களுக்கு அதுவே ஏற்ற பருவம். விசா விண்ணப்பத்துக்குத் தங்குமிடச் சான்று தேவைப்படுவதால், விசா கிட்டாவிடில் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் முன்பதிவு செய்தல் நலம்.

மடத்துக்கு எழுதும் மின்னஞ்சல் சுருக்கமாகவும் தெளிவாகவும் இருக்கட்டும்: எத்தனை பேர், அவர்களின் வயது, படியேற இயலாதவர் யார், எந்த நாள் முதல் எந்த நாள் வரை, இரவு உணவு வேண்டுமா, எவ்வாறு வந்து சேர்வோம். பியுமிச்சீனோ விமான நிலையத்திலிருந்து தெர்மினிக்கு நேரே செல்லும் இரயில் 32 நிமிடத்தில் சேரும். கட்டணம் 14 யூரோ. வத்திக்கான் பக்கம் தங்குவோர் 8 யூரோ கட்டண இரயிலில் திராஸ்தேவெரே நிலையம் வந்து, அங்கிருந்து வேறு இரயிலில் புனித இராயப்பர் நிலையத்தை அடையலாம். விமானம் இரவு வெகுநேரம் கழித்துத் தரையிறங்குவதாயின், அதை முதல் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும். கதவைத் திறப்பதற்கென்று ஒரு சகோதரி விழித்திருக்க வேண்டியிருக்கும்.