மூக்கு அறியுமுன் கணினி அறியுமா?

பிற்பகலில் கடற்காற்று எழுந்தால் சென்னைவாசிகள் மகிழ்வர். பெருங்குடிக்கு மேற்கே குடியிருப்போரோ சில நாட்களில் அந்நேரத்தில்தான் சன்னல்களைச் சாத்த நேர்கிறது. கீழ்க்காற்றின் குளிர்ச்சியோடு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துப் பக்கமிருந்து நெடியும் வந்துவிடுகிறது. பாதாளச் சாக்கடை எட்டாத தாம்பரம் சுற்றுவட்டாரத் தெருக்களில், தொட்டி நிரம்பி லாரி வரும் நாளிலெல்லாம் இதே அவதிதான்.

இந்த நெடி கழிவுநீரைவிட, அதிலிருந்து பிரியும் கசட்டிலேதான் மிகுதி. பிராணவாயு இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கசட்டைச் சிதைக்கும்போது, அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடும், அழுகிய முட்டைக்கோசை நினைவூட்டும் மெர்காப்டன்களும் பிறக்கின்றன. மூடிய கலங்களில் வாரக்கணக்கில் கசட்டைச் செரிக்கவைத்து, அதில் எழும் வாயுவால் மின்சாரம் எடுக்கும் முறை சென்னை நிலையங்களில் உண்டு. அதற்குப் பின்னும் வில்லங்கம் தீர்வதில்லை. நீரைப் பிரிக்க அதிவேகச் சுழற்பொறியில் இடும்போது கசட்டிலுள்ள புரதங்கள் சிதறி, நுண்ணுயிர்களுக்கு எளிய இரையாகின்றன. ஆகவே, இன்று நாறாத கசடு சில நாட்கள் கழித்துக் கடுமையாக நாறும். இன்று முகர்ந்து பார்த்து லாரியில் ஏற்றுபவர் ஏமாந்துபோகிறார்!

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் 'புளூ பிளெய்ன்ஸ்' நிலையம் இதே இக்கட்டைச் சந்தித்தது. சுண்ணாம்பு கலந்த அதன் கசடு அண்டை மாநில வயல்களுக்கு எருவாகச் சென்றது. எரு நாறினால் அதை யார்தான் ஏற்பர்? நிலையத்தின் அன்றாட அளவீடுகளைக் கொண்டே, நெடி தரும் டைமெதில் சல்பைடின் அளவை முன்கணிக்கும் புள்ளியியல் சமன்பாடுகளை மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்டனர். அவ்வழியின் அடுத்த படியே இன்றைய இயந்திரக் கற்றல்.

அது மந்திரமன்று. தேர்ந்த பண்டாரி, நெருப்பையும் நீரின் அளவையும் கொண்டு, மூடியைத் திறவாமலே தம் பிரியாணியின் பதத்தைச் சொல்லிவிடுவார். பல நூறு தேக்சாக்கள் தந்த பழக்கம் அது. கணினிக்கும் வெப்பநிலை, அமிலத்தன்மை, கசடு தேங்கிய காலம் ஆகியவற்றோடு, அந்நாளின் நெடி எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பல நூறு நாட்களுக்குக் கொடுத்தால், அவற்றிடையேயுள்ள தொடர்பை அது கண்டுகொள்ளும். நெடி கூடும் என முன்னறிந்தால், சுண்ணாம்பையோ இரும்பு உப்பையோ முதல்நாளே கூட்டலாம். கசட்டை ஏற்றும் நாளை மாற்றலாம்.

மூக்கை மட்டும் நம்புவது உயிருக்கே ஆபத்தானது. அத்தர் பூசியவருக்குச் சற்று நேரத்தில் அதன் மணம் தெரிவதில்லை அல்லவா? ஹைட்ரஜன் சல்பைடு காற்றில் 10 கோடியில் 1 பங்கு இருந்தாலே மூக்கு உணரும். 10 ஆயிரத்தில் 1 பங்காகப் பெருகினாலோ மூக்கு மரத்துவிடும். நாற்றம் ஓய்ந்தது என எண்ணி உள்ளே இறங்குபவர் திரும்புவதில்லை. காற்றினும் கனமான அவ்வாயு தொட்டியின் அடியிலேயே தங்கும். தகுந்த பாதுகாப்பின்றித் தொட்டியில் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துள்ளது. சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 2014இல் 10 இலட்ச ரூபாயாக வகுத்த உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 இலட்சமாக உயர்த்தியது. வாயுவை அளக்கும் கைக்கருவியின் விலையோடு இத்தொகையை ஒப்பிட வேண்டிய நிலை வருந்தத்தக்கது.

வாஷிங்டனின் கணக்கு நம் ஊர் வெயிலுக்கு அப்படியே பொருந்தாது. நமக்கான பதிவுகள் நம்மிடமிருந்தே வர வேண்டும். காற்றின் திசையை மீனம்பாக்கம் வானிலை நிலையம் குறித்து வருகிறது. கசட்டின் தன்மையை நிலையத்தார் அளக்கலாம். எஞ்சியது மூக்கின் சாட்சியம். "நாறுகிறது" என்று மட்டும் கூறும் புகாரால் கணினிக்குப் பயனில்லை. எந்தத் தெரு, என்ன தேதி, எத்தனை மணி, முட்டை நாற்றமா, முட்டைக்கோசு நாற்றமா என்று எழுதப்பட்ட புகாரே அதற்குப் பாடம்.