பூமிக்கு மனிதன் பாரமா?

சாலையில் நகர முடியாத நெரிசல். சந்தையில் மீன் விலை மாதத்துக்கு மாதம் ஏறுகிறது. குழாயைத் திறந்தால் சில நாள் காற்றுதான் வருகிறது. இவற்றைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஒருவர் ஒரே காரணத்தைச் சொல்லி முடித்துவிடுவார்: "ஜனத்தொகை பெருகிவிட்டது. பூமி இனி தாங்காது."

இது உண்மையா? மனிதர்கள் பெருகினால் உணவும் நீரும் தீர்ந்து, சமுதாயமே சரிந்துவிடுமா? இக்கேள்விக்கு அவசரமாக 'ஆம்' என்று விடை சொன்னவர்களால் ஏற்பட்ட துன்பத்தைத் தமிழர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே அறிவார்கள். எனவே சற்று நிதானித்துச் சிந்திப்பது அவசியம்.

மால்தஸ் போட்ட கணக்கு

1798ஆம் ஆண்டு தாமஸ் மால்தஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் மக்கள்தொகையைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். மக்கள்தொகை 2, 4, 8, 16 என்று பெருக்கலாக ஏறும். உணவு விளைச்சலோ 1, 2, 3, 4 என்று கூட்டலாகத்தான் ஏறும். இந்த இடைவெளியைப் பஞ்சமும் நோயும் போரும் வந்து சரிசெய்யும் என்பதே அவருடைய வாதம்.

மால்தஸ் 1805 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். இந்தியாவை ஆளச் சென்ற இளம் அதிகாரிகள் பயின்ற கல்லூரி அது. 'பஞ்சம் இயற்கையின் தீர்ப்பு. அதில் அரசாங்கம் அதிகம் தலையிடக் கூடாது' என்ற எண்ணம் ஆட்சியாளர்கள் பலரிடம் வேரூன்றியது. அதன் விளைவு 1876இல் தெரிந்தது.

தாது வருஷப் பஞ்சம்

1876இல் தென்னிந்தியாவில் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் துயரம் தொடர்ந்தது. 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தைத் தமிழகத்தில் இன்றும் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொல்வார்கள். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அப்போது உணவே இல்லையா? இருந்தது. மதராஸ் துறைமுகத்தில் தானிய மூட்டைகள் வந்து இறங்கின. ஆனால் வேலையிழந்த கூலியாட்களால் அந்த விலை கொடுத்து வாங்க முடியவில்லை. அதே காலத்தில் இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குக் கோதுமை ஏற்றுமதியும் நடந்துகொண்டிருந்தது.

இங்கே ஓர் அதிகாரியின் கதையைக் கவனிக்க வேண்டும். அவர் பெயர் சர் ரிச்சர்ட் டெம்பிள். 1873-74இல் பீகாரில் வறட்சி வந்தபோது நிவாரணப் பொறுப்பை ஏற்றவர் அவர். பர்மாவிலிருந்து நான்கு லட்சம் டன்னுக்கு மேல் அரிசி வரவழைக்கப்பட்டது. பீகாரோ ஜனநெருக்கடி மிகுந்த பகுதி. ஆயினும் பெருமளவில் பட்டினிச் சாவு நேரவில்லை. அதற்குக் கிடைத்தது பாராட்டல்ல. 'வீண் செலவு' என்ற கண்டனம்.

1877இல் அதே டெம்பிள் மதராஸுக்கு அனுப்பப்பட்டார். இம்முறை சிக்கனத்துக்கே முதலிடம் கொடுத்தார். நிவாரண வேலையில் கடுமையாக உழைத்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம், அதாவது ஏறத்தாழ 450 கிராம், போதும் என்றார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இது உயிரைக் காக்கப் போதாது என்று எதிர்த்து வாதாடினார். சில மாதங்களுக்குப் பிறகு அளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் பலருக்குக் காலம் கடந்துவிட்டது.

பீகார் வறட்சி பரப்பளவில் சிறியது என்பது உண்மைதான். என்றாலும் இரு இடங்களிலும் பசித்த மக்கள் ஒன்றுதான், பொறுப்பில் இருந்தவரும் ஒருவர்தான். முடிவுதான் வேறு. ஓரிடத்தில் 'இவர்களைக் காப்பாற்ற வேண்டும்' என்ற முடிவு. மற்றோர் இடத்தில் 'இவர்களுக்கு இவ்வளவு செலவு செய்யலாமா' என்ற கணக்கு.

ஊரில் பிழைக்க வழியின்றி அந்தக் காலத்தில் கப்பலேறியவர்கள் ஆயிரமாயிரம் பேர். இலங்கைக்கும் பர்மாவுக்கும், மலாயாவின் கரும்பு, காப்பித் தோட்டங்களுக்கும் அவர்கள் வந்து சேர்ந்தனர். 'மிகுதியான ஜனங்கள்' என்று ஏட்டில் எழுதப்பட்டவர்கள் அவர்கள்தாம். இன்று இந்நாட்டில் இச்செய்தித்தாளைக் கையில் வைத்திருக்கும் சிலருக்கு அவர்கள் கொள்ளுப்பாட்டன், கொள்ளுப்பாட்டி.

பிற்காலத்தில் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1943ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்து, 1981இல் வெளியிட்ட நூலில் இதையே விளக்கினார். உணவு குறைவதால் மட்டும் பஞ்சம் வருவதில்லை. உணவை வாங்கும் சக்தியை மக்கள் இழக்கும்போதும் பஞ்சம் வருகிறது.

அப்படியானால் எல்லையே இல்லையா?

மால்தஸ் கணக்கு தவறிவிட்டது என்பதால் பூமி அள்ள அள்ளக் குறையாதது என்று எண்ணிவிடக் கூடாது.

1968இல் அமெரிக்க உயிரியல் அறிஞர் பால் எர்லிக், 1970களில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் இறப்பார்கள் என்று எச்சரித்தார். அந்த அளவுக்கு நடக்கவில்லை. நார்மன் போர்லாக் உருவாக்கிய கோதுமையும், 1966இல் பிலிப்பைன்ஸில் வெளியான ஐஆர்8 நெல்லும் விளைச்சலைப் பெருக்கின. ஆனால் அந்த விளைச்சலுக்கு உரமும் நிலத்தடி நீரும் ஏராளமாகத் தேவைப்பட்டன. பஞ்சாபில் மழை திருப்பித் தரும் நீரைவிட இறைக்கும் நீர் அதிகம். நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது.

கனடாவின் நியூபவுண்ட்லாந்து கடற்கரை இன்னொரு பாடம். அங்கே சுமார் ஐந்நூறு ஆண்டுகளாக 'காட்' மீன் பிடித்து ஊர்கள் வாழ்ந்தன. 1950களுக்குப் பிறகு மீனைப் பிடித்து அங்கேயே உறையவைக்கும் ராட்சதக் கப்பல்கள் வந்தன. கரையோர மீனவர்கள் மீன் குறைகிறது என்று முறையிட்டனர், கேட்பார் இல்லை. 1992இல் மீன்வளம் அடியோடு சரிந்து, அரசாங்கம் மீன்பிடிப்புக்குத் தடை விதித்தது. சுமார் 30 ஆயிரம் பேர் வேலையிழந்தனர். பல ஊர்களில் இளைஞர்கள் ஊரை விட்டே போயினர். 2024இல்தான் வணிக ரீதியான மீன்பிடிப்புக்கு, அதுவும் குறைந்த அளவில், மீண்டும் அனுமதி கிடைத்தது.

நியூபவுண்ட்லாந்து ஜனநெருக்கடி மிக்க இடமல்ல. ஆள் குறைவு, கடல் பெரிது. அப்படியும் சரிந்தது. குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். எத்தனை பேர் தின்றார்கள் என்பதல்ல, வளர்வதைவிட வேகமாகத் தின்றார்களா என்பதே கேள்வி.

இன்றைய கணக்கு

உலக மக்கள்தொகை 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்டதாக ஐக்கிய நாட்டு நிறுவனம் அறிவித்தது. மால்தஸ் காலத்தில் அது ஏறத்தாழ 100 கோடி. ஆனால் பெருகும் வேகம் தணிந்துவிட்டது. 1960களில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்து பிள்ளைகள்; இப்போது இரண்டுக்குச் சற்று மேல். இந்த நூற்றாண்டின் எண்பதுகளில் சுமார் 1,030 கோடியில் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கத் தொடங்கும் என்பது 2024இல் வெளியான ஐ.நா. கணிப்பு.

சிங்கப்பூரே இதற்குச் சாட்சி. 1972இல் 'இரண்டோடு நிறுத்துங்கள்' என்று பிரசாரம் செய்த அரசாங்கம், 1987இல் 'வசதியிருந்தால் மூன்று பெறுங்கள்' என்று மாற்றிக்கொண்டது. 2023இல் அங்கு பிறப்பு விகிதம் ஒன்றுக்கும் கீழே போய்விட்டது.

மறுபுறம், 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 100 கோடி டன்னுக்கும் மேற்பட்ட உணவு வீணானதாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டது. அந்த ஆண்டில் பசியோடு இருந்தவர்களோ சுமார் 70 கோடி. பூமியைச் சூடாக்கும் வாயுக்களில் ஏறத்தாழ பாதி, உலகின் வசதி மிக்க பத்தில் ஒரு பங்கினரால் வெளியாகிறது. தலைகளை மட்டும் எண்ணினால் இந்த உண்மைகள் கண்ணில் படமாட்டா.

தண்ணீர் கற்பிக்கும் பாடம்

2003இல் சிங்கப்பூரில் சுமார் 41 லட்சம் பேர் இருந்தனர். வீட்டு உபயோகத்துக்கு ஆளொன்றுக்கு நாளுக்கு 165 லிட்டர் தண்ணீர் செலவானது. 2023இல் மக்கள்தொகை 59 லட்சமாகியும் அந்த அளவு 141 லிட்டராகக் குறைந்தது. பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்து 'நியூவாட்டர்' ஆக்கினார்கள், கடல்நீரைக் குடிநீராக்கினார்கள், குழாய்க் கசிவை அடைத்தார்கள், கட்டணத்தையும் உயர்த்தினார்கள்.

மலேசியாவில் மழைக்குப் பஞ்சமில்லை. என்றாலும் 2014இல் சிலாங்கூர் அணைகளில் நீர் வற்றி, மாதக்கணக்கில் பங்கீட்டு முறையில் தண்ணீர் விடப்பட்டது. நாடு முழுவதும் சுத்திகரிக்கப்படும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பழைய குழாய்க் கசிவாலும் திருட்டாலும் பழுதான மீட்டர்களாலும் கணக்கில் வராமலே போகிறது. வாளியோடு தண்ணீர் லாரிக்காகக் காத்து நின்ற இல்லத்தரசியிடம் 'ஜனத்தொகை பெருகிவிட்டது' என்று சொல்வது பாதி விடைகூட ஆகாது.

சமுதாயங்கள் ஒரே நாளில் சரிவதில்லை. மீனவர் முறையிடும்போதும், மருத்துவர் 'இந்த ஆகாரம் போதாது' என்று எழுதும்போதும், அணையின் அளவுகோல் இறங்கும்போதும் எச்சரிக்கை வந்துகொண்டுதான் இருக்கிறது. கேட்டவர்கள் பிழைத்தார்கள், கேளாதவர்கள் மக்கள்தொகை மீது பழியைப் போட்டார்கள்.

எனவே அடுத்த முறை யாராவது 'ஆள் கூடிவிட்டது' என்று சொன்னால், மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்கலாம். யார் எவ்வளவு எடுக்கிறார்கள்? எடுத்தது திரும்ப விளைகிறதா? கிடைப்பதைப் பங்கிடுபவர் யார்? சோற்றை வீணாக்காமல் இருப்பதும், தெருவில் உடைந்த குழாயைப் பற்றி உடனே புகார் செய்வதும் சிறிய காரியங்கள்தாம். ஆனால் அவை நம் கையில் இருப்பவை. மனிதனைப் பாரம் என்று எண்ணிய காலத்தில்தான் நம் முன்னோர் பசியோடு கப்பலேறினார்கள் என்பதை மட்டும் மறந்துவிடலாகாது.