கோல் ஏந்திய பார்ஸி: ஜூபின் மேத்தாவின் கீர்த்தியும் வழக்கும்

வாத்தியம் ஒன்றையும் தொடாமல், வாய் திறந்து ஒரு ஸ்வரமும் பாடாமல், ஒருவர் உலகப் பிரசித்தி பெற்ற சங்கீத வித்வானாக விளங்க முடியுமா? நம் நாட்டுக் கச்சேரிகளில் பழகிய காதுகளுக்கு இக்கேள்வி விசித்திரமாகவே தோன்றும். பாட்டுக் கச்சேரியில் பாடகரே தலைவர். பிடில்காரரும் மிருதங்கக்காரரும் அவரைப் பின்பற்றுவர். கோயில் மேளத்தில் நாகஸ்வரக்காரரின் கண் ஜாடை தவில்காரருக்குப் போதும். மேற்கத்திய வாத்திய கோஷ்டியிலோ எண்பது, நூறு பேர் உட்கார்ந்து, ஏட்டில் எழுதியுள்ள ஸ்வரங்களை அவரவர் பங்குக்கு வாசிக்கிறார்கள். அவர்களை ஒரே குரலாக்குவதற்குச் சிறு கோலுடன் ஒருவர் முன்னே நிற்கிறார். அவரைக் 'கண்டக்டர்' என்கிறார்கள். பஸ்ஸில் டிக்கட் கொடுப்பவருக்கும் அதே பெயர்தான். எல்லோரையும் ஊர் கொண்டு சேர்க்கும் பொறுப்பு இருவருக்கும் பொது!

வில்லியனூர்த் திருக்காமீசுவரர் தேரோட்டத்தை நினைத்துக்கொண்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். வடம் பிடிப்போர் பல நூறு பேர். சைகை காட்டுபவர் ஒருவர். அவர் வடத்தைத் தொடுவதில்லை. எனினும் அவர் கை அசைவில்தான் தேர் நகர்வதும் நிற்பதும் அடங்கியிருக்கின்றன.

இந்த வித்தையில் உலகத்தின் முதல் வரிசையில் இடம் பெற்ற இந்தியர் ஜூபின் மேத்தா. 1936-ம் வருஷம் ஏப்ரல் 29-ந் தேதி பம்பாயில் ஒரு பார்ஸிக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை மெஹ்லி மேத்தா பிடில் வித்வான். பம்பாய் ஸிம்பனி கோஷ்டியை ஸ்தாபித்தவர். மகன் வைத்தியராக வேண்டும் என்று குடும்பத்தார் விரும்பினர். இரண்டு வருஷம் அந்தப் படிப்பில் காலம் கழித்தும் அவருடைய மனம் சங்கீதத்தை விட்டு அகலவில்லை. 1954-ல், பதினெட்டாம் பிராயத்தில், வியன்னா நகரத்துக்குக் கப்பலேறினார். அங்கே ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கி என்ற ஆசிரியரிடம் பயின்று, 1958-ல் லிவர்பூல் நகரில் நடந்த சர்வதேசப் போட்டியில் முதற் பரிசு பெற்றார்.

அதன் பின் அவருடைய உயர்வு மின்னல் வேகத்தில் நிகழ்ந்தது. 1962-ல், இருபத்தாறு வயதில், லாஸ் ஏஞ்சலஸ் கோஷ்டியின் தலைமை அவரிடம் வந்தது. அப்பதவிக்கு முன்னரே நியமனம் பெற்றிருந்தவர் ஜார்ஜ் ஷோல்டி என்ற மேதை. தம்மைக் கலக்காமல் இவ்வாலிபரை உதவியாளராக அமர்த்தினார்கள் என்பதற்காக அவர் விலகிக்கொண்டார். 1978 முதல் 1991 வரை நியூயார்க் கோஷ்டியை மேத்தா நடத்தினார். அவ்வளவு நீண்ட காலம் அதற்குமுன் அங்கே எவரும் அப்பதவி வகித்ததில்லை. ரவிசங்கரின் ஸிதாரும் எல். சுப்பிரமணியத்தின் பிடிலும் அந்தப் பெரிய கோஷ்டியுடன் ஒலித்தது அவர் காலத்தில்தான். பல்லாண்டுகள் அயல்நாட்டில் வாழ்ந்தும் இந்தியப் பிரஜா உரிமையை அவர் துறக்கவில்லை. 2001-ல் பாரத சர்க்கார் அவருக்குப் பத்மவிபூஷண் விருது அளித்தது.

இதுவரை கீர்த்தி. இனி வழக்கைப் பார்ப்போம்.

மேத்தா பிறந்த அதே 1936-ம் வருஷத்தில், டெல் அவீவ் நகரில் ஒரு வாத்திய கோஷ்டி தோன்றியது. ஐரோப்பாவில் ஹிட்லரின் கொடுமைக்கு ஆளான யூத வித்வான்களைத் திரட்டி, ஹூபர்மன் என்ற பிடில் மேதை அமைத்த கோஷ்டி அது. பின்னாளில் அது இஸ்ரேல் பில்ஹார்மானிக் ஆயிற்று. 1967-ல் யுத்தம் மூண்டதும் மேத்தா தாமாகவே அந்நாட்டுக்கு விரைந்தார். 1991-ல் ஏவுகணைகள் விழுந்த நாட்களிலும் ஜனங்கள் விஷவாயு முகமூடியுடன் வந்து அவருடைய கச்சேரியைக் கேட்டனர். 2019-ல் விலகும் வரை சுமார் ஐம்பது வருஷம் அக்கோஷ்டியுடன் அவர் பிணைந்திருந்தார்.

அன்பு இருந்த இடத்திலேயே முதல் புயலும் எழுந்தது. வாக்னர் என்ற ஜெர்மானிய மேதை யூதர்களை வெறுத்தவர். ஹிட்லர் போற்றிய இசைக்காரர். 1938 முதல் அவருடைய இசையை அக்கோஷ்டி ஒதுக்கியிருந்தது. 1981-ல் ஒரு நாள், கச்சேரி முடிவில், விரும்பாதவர்கள் எழுந்து போகலாம் என்று அறிவித்துவிட்டு மேத்தா வாக்னரை வாசிக்கச் செய்தார். சபையில் கூச்சல் எழுந்தது. ஒருவர் மேடை அருகே வந்து தம் உடம்பின் தழும்புகளைத் திறந்து காட்டினார். நல்ல இசைக்கு ஜாதி இல்லை என்பது மேத்தாவின் கட்சி. அந்தத் தழும்புகளும் ஒரு கட்சியே. எது சரி என்று நூறு காத தூரத்திலிருந்து தீர்ப்புச் சொல்வது எளிதன்று.

மறுபுறம், இஸ்ரேல் சர்க்காரின் கொள்கைகளால் வருந்தும் பாலஸ்தீனர் சார்பிலும் அவர்மீது குற்றச்சாட்டு உண்டு. 2011-ல் லண்டனில் அவர் நடத்திய கச்சேரியை ஆட்சேபக்காரர்கள் இடைமறித்தனர். அச்சர்க்காரின் போக்கை மேத்தா வெளிப்படையாகவே கண்டித்ததுண்டு. அந்நாட்டு அரபுப் பிள்ளைகளுக்குச் சங்கீதம் கற்பிக்கும் முயற்சியையும் ஆதரித்தார். ஆயினும் ஒரு நாட்டின் கொடியுடன் உலகம் சுற்றும் கோஷ்டி அந்நாட்டின் பாரத்தையும் உடன் சுமந்தே செல்கிறது.

நமக்கு மிக நெருக்கமான வழக்கு காஷ்மீரம். 2013 செப்டம்பர் 7-ந் தேதி, ஸ்ரீநகர் ஷாலிமார் தோட்டத்தில், ஜெர்மன் ஸ்தானிகராலயத்தின் ஏற்பாட்டில், பவேரிய கோஷ்டி அவர் தலைமையில் வாசித்தது. காஷ்மீர வித்வான்களும் கலந்துகொண்டார்கள். காயம்பட்ட மனங்களுக்கு இசை மருந்தாகட்டும் என்பதே அவர் நோக்கம். அதை ஐயுறக் காரணம் இல்லை. ஆனால் உள்ளே சென்றவர்கள் அழைப்புப் பெற்றவர்கள், வெளியே துப்பாக்கிக் காவல், ஊரில் கடையடைப்பு. அதே நாளில் நகரத்தின் மற்றொரு பக்கம் எதிர் நிகழ்ச்சியும் நடந்தது. அடுத்த முறை எல்லோரும் கேட்கும்படி திறந்த மைதானத்தில் வாசிக்க வேண்டும் என்று மேத்தாவே சொல்லும்படி ஆயிற்று.

வில்லியனூர்த் தேருக்குப் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடிப்பது வழக்கம். ஆள்பவர் வடம் தொட்டதால் தேர் அவருடையதாகிவிடவில்லை. ஏனெனில் அதே வடத்தில் ஊராரின் கைகளும் இருந்தன. ஷாலிமார் தோட்டத்தில் குறைந்தது அதுதான். இசையில் அபஸ்வரம் இல்லை. வடத்தில் ஊராருக்கு இடம் இல்லை.

அவருடைய நோக்கம் நன்கு பலித்த இடங்களும் உண்டு. 1994-ல், யுத்தத்தில் எரிந்துபோன ஸாரயேவோ புத்தகசாலையின் இடிபாடுகளுக்கு நடுவே, மாண்டவர்களுக்காக மோஸார்ட்டின் இரங்கல் இசையை நடத்தினார். 1999-ல், யூதர்கள் வதைபட்ட புகென்வால்ட் முகாமுக்கு அருகே வைமார் நகரில், இஸ்ரேலியரையும் ஜெர்மானியரையும் ஒரே மேடையில் அமர்த்தி வாசிக்கச் செய்தார். 2005-ல், ஆழிப்பேரலையின் முதலாண்டு நினைவாகச் சென்னைக்கும் வந்தார். நம் புதுவைக் கரையும் அந்த அலையில் பிள்ளைகளை இழந்த கரையே.

நம்மவர் என்ற காரணத்தால் செய்தது அனைத்தும் சரி என்று சாதிப்பது தேசாபிமானம் அன்று. பிழை கண்டவுடன் நம்மவர் அல்லர் என்று தள்ளுவதும் நியாயம் அன்று. சங்கீதத்துக்கு எல்லை இல்லை என்ற நம்பிக்கையை மேத்தா தம் ஆயுள் முழுவதும் கைக்கோலுடன் ஏந்திச் சென்றார். அந்த நம்பிக்கை மெய்யாவது மேடையில் நிற்பவரின் திறமையால் மட்டும் அன்று. மண்டபத்தின் கதவு யாருக்குத் திறந்திருக்கிறது என்பதாலும்தான்.