மனைவியின் துயரும் மாதக் கணக்கும்



சேலம், நாமக்கல் சிற்றூர்களில் மாதவிலக்கை ‘வீட்டுக்குத் தூரம்’ என்னும் வழக்கு இன்னும் மறையவில்லை. உடலைத் தூரமாக்கிய இச்சொல் உள்ளத்தையும் தூரமாக்கிவிடலாகாது.

கருமுட்டை வெளிப்பட்டபின் உயரும் புரோஜெஸ்டிரோன் சுரப்பு, விலக்கு நெருங்குகையில் தாழ்கின்றது. இம்மாறுதலைத் தாங்க இயலாத பெண்களுக்கு அந்நாட்களில் சிறு சொல்லும் பெருங்காயமாகும். விலக்கு வந்தபின் மனம் தெளியும். இதற்கு 1953-இல் இங்கிலாந்து மருத்துவர்களான ரேமண்ட் கிரீனும் காதரினா டால்டனும் நோய்க்குறிப் பெயர் சூட்டினர்.

பில்லிங்ஸ் முறைக்கென நாட்களைக் குறிக்கும் தம்பதியர், அதே ஏட்டில் மனநிலையையும் இரு மாதங்கள் குறிப்பார்களாக. வாழ்வே கசக்குமளவு துயர் மிகுந்தால் மருத்துவரை நாடுக, சிகிச்சை உண்டு. ஆயினும் மனைவியின் முறையீடுகளை எல்லாம் ‘அந்த நாள் கோபம்’ என ஒதுக்குதல் அநீதி. நியாயமான குறைக்கு நாட்கணக்கு இல்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் உதிரப்போக்கினால் வருந்திய பெண்ணை ஆண்டவர் விலக்கவில்லை. அவள் உண்மை முழுவதையும் சொல்லக் கேட்டு, மகளென விளித்தார். நம் இல்லங்களிலும் அவ்வாறே கேட்போமாக.