மூட்டு வலிக்கு ஊசி மருத்துவம்: பணம் கட்டுமுன் அறிய வேண்டியவை

நவம்பர் மாதத்தில் வாழ்நாள் சான்றிதழ் அளிக்க வரும் ஓய்வூதியர்கள் வங்கிக் கிளையில் காத்திருக்கும் வேளையில் அதிகம் பேசிக்கொள்வது வட்டி விகிதத்தைப் பற்றியன்று. முழங்கால் வலியைப் பற்றியே. ஒருவர் அக்குபங்சர் ஊசியைப் புகழ்வார். மற்றொருவர் கேரளத்து எண்ணெய்ச் சிகிச்சையைப் பரிந்துரைப்பார். மூன்றாமவர் தம் மணிக்கட்டிலுள்ள செம்புக் காப்பைக் காட்டுவார். ஓய்வூதியத்தில் கணிசமான பகுதி இவற்றுக்குச் செலவாகிறது என்பதால், இவற்றின் பயனைச் சற்று விரிவாக ஆராய்வது நம் வாடிக்கையாளர்களுக்கு உதவும் எனக் கருதுகிறோம்.

முதலில், வலி எந்த வகை மூட்டு நோயால் வருகிறது என்பது தெளிவாக வேண்டும். முதுமையில் மிகுதியாகக் காணப்படுவது மூட்டுத் தேய்மானம். முடக்குவாதம் முற்றிலும் வேறானது. அதில் உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்குகிறது. இரு கைகளின் சிறு மூட்டுகளும் வீங்கும். காலையில் விறைப்பு நெடுநேரம் நீடிக்கும். மெதோட்ரெக்சேட் போன்ற மருந்துகளை நோயின் தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்டால் மூட்டுகள் சிதைவதைப் பெருமளவு தடுக்கலாம். ஊசியோ எண்ணெயோ வலியைத் தணிக்கலாம், சிதைவைத் தடுப்பதில்லை. வலி குறைந்துவிட்டது என்று மருந்தை நிறுத்துவோர் இழப்பது மீண்டும் பெற முடியாத ஒன்றை. எனவே மூட்டு நோய் மருத்துவரைக் கண்டு, தேவையான பரிசோதனைகளைச் செய்துகொண்ட பின்னரே பிற சிகிச்சைகளை நாட வேண்டும்.

அக்குபங்சர் நம் நாட்டுக்கு வந்த வரலாறு சுவையானது. 1938இல் சீனத்துக்கு அனுப்பப்பட்ட இந்திய மருத்துவக் குழுவில் துவாரகாநாத் கோட்னிஸ் உள்ளிட்ட ஐந்து மருத்துவர்கள் இடம்பெற்றனர். அவர்களுள் ஒருவரான பி. கே. பாசு பின்னாளில் மீண்டும் சீனம் சென்று இக்கலையைக் கற்று, 1959இல் கல்கத்தாவில் சிகிச்சையளிக்கத் தொடங்கினார். மேற்கு வங்கம் 1996இல் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. 2019இல் மத்திய அரசும் இதனைத் தனி மருத்துவ முறையாக ஏற்றது.

பயன் உண்டா என்ற வினாவுக்கு ஆய்வுகள் ஒரே விடை தரவில்லை. உண்மையான ஊசியையும் ஊசிபோல் பாவனை செய்யும் போலிச் சிகிச்சையையும் ஒப்பிடுவதே இங்கு உரைகல். அமெரிக்காவில் முழங்கால் தேய்மானமுடைய 570 பேரிடம் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், 26 வாரங்களின் முடிவில் ஊசி பெற்றோரின் வலியும் நடமாட்டமும் போலிச் சிகிச்சை பெற்றோரைவிட மேம்பட்டிருந்தன. ஆஸ்திரேலியாவில் 282 பேரிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில் அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. ஆகவேதான் அமெரிக்க மூட்டு மருத்துவர் அமைப்பு இதனை நிபந்தனையுடன் பரிந்துரைக்க, பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பு 2022இல் மூட்டுத் தேய்மானத்துக்கு இதனை அளிக்க வேண்டாம் என்றது. சிலருக்குச் சிறிதளவு ஆறுதல் கிடைக்கலாம் என்பதற்கு மேல் எதிர்பார்ப்பது பொருந்தாது என்பது எங்கள் கருத்து.

முயன்று பார்க்க விரும்புவோர் மூன்று மாதத்துக்கு மேல் போகாத காலவரம்பையும், செலவுக்கு ஒரு மேல்வரம்பையும் முன்னரே வகுத்துக்கொள்வது நன்று. நாள்தோறும் வலிக்குப் பூச்சியம் முதல் பத்து வரை மதிப்பெண் இட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தால், காலவரம்பு முடியும்போது கணக்கு தானே பேசும். இருபது முறைக்கான தொகையை முன்கூட்டியே செலுத்தினால் தள்ளுபடி என்பார்கள். அதற்கு இசைய வேண்டாம். கிரெடிட் கார்டில் மாதத் தவணையாக மாற்றிக்கொள்வதை, வங்கியாளர்களான நாங்களே பரிந்துரைக்க மாட்டோம்! ஒவ்வொரு முறையும் பணம் கொடுத்து ரசீது பெறுவதே போதும். ஊசிகள் ஒருமுறை மட்டும் பயன்படுத்தப்படுபவையா என்று கேட்கத் தயங்க வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்வோரும், இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் அதனை முன்பே தெரிவித்துவிட வேண்டும்.

செம்புக் காப்பும் காந்தப் பட்டையும் குறித்து நீண்ட விளக்கம் தேவையில்லை. முடக்குவாத நோயாளிகளிடம் பிரிட்டனில் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில் அவற்றால் பயன் எதுவும் காணப்படவில்லை. பலர் ஆண்டுக்கணக்கில் வாங்கி உண்ணும் குளுக்கோசமைன் மாத்திரையின் நிலையும் ஏறத்தாழ இதுவே. 1,583 பேர் பங்கேற்று 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மொத்தமாக நோக்குகையில், வெற்று மாத்திரையைவிட அது மேலானதாக இல்லை. நிலையான கட்டளையின்பேரில் கணக்கிலிருந்து மாதந்தோறும் பணம் போவதுபோல் இச்செலவு கவனத்துக்கு வராமலே தொடர்கிறது.

கவலை தருவது பெயர்ச்சீட்டு இல்லாத பொடிகளும் லேகியங்களுமே. இரண்டே நாளில் வலி மறைகிறதென்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். சர்க்கரை ஏறுதல், எலும்பு வலுவிழத்தல், முகம் உப்புதல் ஆகியவை பின்னர் தொடரும். பல மாதங்கள் உட்கொண்டவர்கள் அதனைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து என்பதால் மருத்துவரிடம் பொடியையே எடுத்துச் சென்று காட்டுதல் நலம்.

செலவே இல்லாத சிகிச்சைக்கு மட்டும் விளம்பரம் இல்லை. தொடைத் தசைகளை வலுப்படுத்தும் உடற்பயிற்சியை ஏறத்தாழ எல்லா மருத்துவ வழிகாட்டுதல்களும் முதலிடத்தில் வைக்கின்றன. உடற்பருமன் உள்ளவர் ஒரு கிலோ எடை குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால்மீது விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. யோகாசனமும் உதவலாம், ஆனால் முழங்காலை முழுதும் மடக்கும் ஆசனங்களைப் பயிற்சியாளரின் மேற்பார்வையிலன்றிச் செய்யலாகாது.

இறுதியாகக் காப்பீடு. ஆயுர்வேதம், யோகா மற்றும் இயற்கை மருத்துவம், யுனானி, சித்தா, ஓமியோபதி ஆகிய ஆயுஷ் முறைகளைப் பிற சிகிச்சைகளுக்கு இணையாக நடத்துமாறு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜனவரியில் நிறுவனங்களை அறிவுறுத்தியது. அது அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அக்குபங்சர் இப்பட்டியலில் இல்லை. மேலும், சாதாரண மருத்துவக் காப்பீடுகள் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே பொருந்தும். வாரமிருமுறை சென்று ஊசி போட்டுத் திரும்புவதற்குப் பொருந்தா. சில இயற்கை மருத்துவமனைகளில் உள்நோயாளிகளுக்கு அக்குபங்சரும் அளிக்கப்படுகிறது. அங்குச் சேருமுன் அந்த மருத்துவமனை தங்கள் பாலிசியின் நிபந்தனைகளுக்கு உட்பட்டதா, எத்தகைய சிகிச்சைகள் விலக்கப்பட்டுள்ளன என்பவற்றைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.