கொடையா? நஞ்சா?

ஆங்கிலம் பயிலும் நம் மாணவருள் 'கிப்ற்' என்னும் சொல்லை அறியாதார் இலர். பிறந்தநாளிற் கிடைக்கும் அன்பளிப்பே அது என்று சிறுவரும் கூறுவர். ஆனால், ஜேர்மனியில் ஒரு போத்தலின்மேல் அதே நான்கு உரோம எழுத்துக்களைக் கண்டு, பரிசென்று மகிழ்ந்து மூடியைத் திறப்போமாயின் உயிருக்கே கேடு விளையும். ஜேர்மன் மொழியில் அச்சொல்லுக்கு நஞ்சு என்பதே பொருள்.

சுவீடனுக்குச் சென்றால் வேறொரு வியப்பு. அங்கே அதனை 'யிப்ற்' என்று உச்சரிப்பர். ஒருவர் தம்மை அச்சொல்லாற் குறிப்பிட்டால், தமக்குத் திருமணமாகிவிட்டது என்பதே கருத்து. நஞ்சுக்கும் அங்கு அதுவே பெயர்! நோர்வே, டென்மார்க் நாட்டு மொழிகளிலும் இவ்விரு பொருளும் உண்டு. ஒல்லாந்தரோ கொடை என்னும் பொருளில் வழங்குவர்.

ஒரு சொல் இத்தனை வேடம் பூண்டது எங்ஙனம்? இம்மொழிகள் யாவும் ஜேர்மானியக் குடும்பத்து உடன்பிறப்புக்கள். சொல்லின் வேரும் 'கொடுத்தல்' என்ற ஒன்றே. கொடுத்த பொருள் அன்பளிப்பாயிற்று. கொடுக்கப்பட்ட பெண் மணமானவள் ஆனாள். 'பெண் கொடுத்தல்' என்று நாமும் சொல்கிறோமல்லவா? பழைய ஆங்கிலத்தில் அச்சொல், மணப்பெண்ணுக்காகக் கொடுத்த பொருளையே குறித்தது. 9ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்திற் குடியேறிய ஸ்கண்டிநேவியரின் மொழித்தொடர்பாலேயே இன்றைய ஒலியும் பொருளும் வந்து சேர்ந்தன.

இனி, நஞ்சு புகுந்த வழியைக் காண்போம். கிரேக்கத்தில் 'தோசிஸ்' என்றால் கொடுத்தல். வைத்தியர் ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தின் அளவையும் அது குறித்தது. ஆங்கிலத்து 'டோஸ்' அதன் வழி வந்ததே. இலத்தீன் வழியாக அதனை அறிந்த ஜேர்மானியர், தம் சொல்லையும் அவ்வாறே ஆண்டனர். கொல்லும் மருந்தைப் பெயர் சொல்லாது 'கொடுத்தது' என மறைத்துக் கூறினர். செத்தாரைத் துஞ்சினார் என்னும் நம் மங்கல வழக்கும் இத்தகையதே. நாளடைவில் ஜேர்மனியிற் கொடை மறைந்தது, நஞ்சே நிலைத்தது.

எனினும், 'மிற்கிப்ற்' என்னும் ஜேர்மன் சொல்லிற் பழம்பொருள் இன்றும் வாழ்கின்றது. அதன் பொருள் யாது? சீதனம்!

பிறமொழி பயிலும் மாணவர், உருவ ஒற்றுமையை நம்பிப் பொருள் கொள்ளலாகாது. அகராதியைப் புரட்டச் சோம்பலாகாது. பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை: மகளுக்கு மனமுவந்து கொடுப்பது கொடை. வற்புறுத்தி வாங்குவது யாது என்பதை ஜேர்மானியரின் சொல்லே நமக்கு உணர்த்தும்.